அடுக்கி வைத்தவர்களின் ஊர்

நாகதாச்சோ

ஜப்பானிய இலக்கியத்தையும் சரித்திரத்தையும் ஊரில் இருந்தபடியே பயில முற்படுகிறவனுக்கு இந்நாளில் கிடைக்கும் வசதிகள், முப்பது வருஷங்களுக்கு முன்பு ஒரு சர்வகலாசாலைப் பேராசிரியருக்கும் கிடைத்திருக்க மாட்டா; ஆயினும் அவ்வசதிகளுக்குள் புகுந்து சிறிது தூரம் போனதும், நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் பொருளடக்கமும்கூடத் திரையில் வந்து நின்றபின், நூலகத்துக்கு உள்ளே வந்தால்தான் படிக்கலாம் என்று ஒரு வரி குறுக்கே விழுந்து கதவைச் சாத்திவிடும். அப்படிச் சாத்திய கதவுகள் பலவற்றின் விவரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, ஊரில் அடைமழை பிடித்திருந்த ஐப்பசி மாதத்தில் டோக்கியோ போய்ச் சேர்ந்தேன்.

பார்லிமெண்டுக் கட்டடத்துக்கு அடுத்தாற்போல் நிற்கிறது தேசிய டயட் நூலகம். யுத்தத்தில் தோற்று அந்நியப் படைகளின் ஆதிக்கத்தில் இருந்த 1948-ஆம் வருஷத்தில், ஜனப் பிரதிநிதிகள் விவரம் அறிந்து முடிவு செய்ய வேண்டும் என்ற நோக்கத்தோடு ஸ்தாபிக்கப்பட்டது அது. உண்மையே நம்மை விடுவிக்கும் என்ற கருத்தமைந்த வாசகம், முதல் தலைவரான கானமோரி தோகுஜிரோவின் கையெழுத்தில், புத்தகம் வாங்கும் மேஜைக்கு மேலே பொறித்திருக்கிறது; பக்கத்தில் அதே கருத்துக் கிரேக்க மொழியிலும் இருக்கிறது. பையையும் குடையையும் வெளியே பூட்டி வைத்துவிட்டு, உள்ளே இருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படியான ஒரு பையில் பென்சிலையும் காகிதத்தையும் போட்டுக்கொண்டு போக வேண்டும். புத்தக அலமாரி என்று ஒன்றையும் பெரும்பாலும் நாம் பார்ப்பதில்லை. நான்கு கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகளில் பெரும்பகுதி கண்ணுக்கு மறைவாகவே இருக்கிறது; 1986-இல் திறந்த புதுக் கட்டடத்தில் பூமிக்குக் கீழே எட்டு மாடிகள் இறங்கி அவற்றில் பல அடுக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவு ஆழத்தில் வேலை செய்கிறவர்களும் பகல் வெளிச்சத்தைக் காண வேண்டும் என்று மேலிருந்து அடித்தளம் வரைக்கும் ஓர் ஒளிக் கிணற்றை விட்டிருக்கிறார்கள்.

எனக்குத் துணையாக வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போய் டோக்கியோவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் ஓர் இளைஞர். நான் வெகு ஆவலோடு எழுதிக் கொடுத்து வரவழைத்த ஒரு பழைய நூலைக் கண்டதும் அவர் சிரித்துவிட்டார். "ஐயா, இதே புஸ்தகத்தை நான் என் ரூம்ல படுத்துக்கிட்டே படிப்பேன். இங்கே குடியிருக்கிறதுக்கு அத்தாட்சி இருந்தா போதும்" என்றார். விஷயம் இதுதான்: இந்நூலகம் படம் எடுத்து வைத்திருக்கும் கிரந்தங்களில் ஒரு பகுதி உலகத்தார் அனைவருக்கும் திறந்திருக்கிறது, ஒரு பகுதி நூலகத்தின் சுவர்களுக்குள் மட்டும் திறக்கும், இடைப்பட்டதாக, கடையில் விலைக்குக் கிடைக்காமற் போய்விட்ட நூல்கள், 2022-ஆம் வருஷம் மே மாதம் முதல், பதிவு செய்துகொண்ட ஜப்பான் வாசிகளின் வீட்டுத் திரைக்கே அனுப்பப்படுகின்றன. அதே வருஷக் கடைசியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளுக்குள் சொல் சொல்லாகத் தேடும் வசதியையும் செய்துவிட்டார்கள். ஆதலால் ஊரில் இருந்தபடியே, நான் தேடும் சொல் இன்ன நூலில் இன்ன பக்கத்தில் இருக்கிறது என்பது வரையில் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பக்கத்தைப் படிப்பதற்கு மட்டும் விமானம் ஏற வேண்டும்.

பதிப்புரிமை ஆசிரியர் காலமானபின் ஐம்பது வருஷம் என்றிருந்ததை 2018-ஆம் வருஷத்தின் கடைசியில் எழுபதாக நீட்டிவிட்டார்கள். 1965-இல் இறந்த நாவலாசிரியர் தானிஸாகியின் நூல்கள் அதற்கு முன்பே பொதுவுடைமையாகிவிட்டன. 1970-இல் இறந்த மிஷிமாவுக்கோ 2041 வரையில் காத்திருக்க வேண்டும். 1997-இல் தொமித்தா மிச்சியோவும் நண்பர்களும் ஆரம்பித்த அவோஸோரா புங்கோ என்ற இணைய நூல்நிலையத்தில், சம்பளம் வாங்காத அன்பர்கள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் பழைய ஆசிரியர்களை ஏற்றி வருகிறார்கள். அதற்கு அடுத்த வருஷமே நம்மவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி இதே பணியைச் செய்யலானார்கள் என்பதை அங்கே ஒருவரிடம் சொல்லி மகிழ்ந்தேன். சட்டம் நீண்டபின் அந்த அன்பர்களுக்கு ஆண்டுதோறும் புதிதாக வந்துகொண்டிருந்த ஆசிரியர்களின் வரவு நின்று போயிற்று.

என்னை அந்தக் கட்டடத்தில் அதிகமாகக் கவர்ந்தது புத்தகமே அன்று. வாசகர்கள் நூலகத்தாரிடம் வந்து கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு விடை தேடிய வழியையும், பார்த்த நூல்களின் பெயர்களையும் நாட்டிலுள்ள பல நூலகங்கள் சேர்ந்து ஒரு பொதுத் தொகுப்பில் எழுதி வைக்கின்றன. கிராமத்து நூலகத்தில் ஒரு கிழவர் வந்து, தம் பாட்டி பாடிய தாலாட்டின் மூலம் எது என்று கேட்டால், அதுவும் பதிவாகும். விடை அகப்படாத கேள்விகளையும், இன்னும் தீரவில்லை என்று குறித்து, அப்படியே வைத்திருக்கிறார்கள். தனக்குத் தெரியாததை ஓர் உத்தியோக ஸ்தாபனம் வரிசைப்படுத்தி ஊரறியப் பிரசுரம் செய்வது, நம் பக்கத்துக் காரியாலயங்களை நன்கு அறிந்த எனக்குப் பெரிய ஆச்சரியமாகவே இருந்தது. மேஜைக்கு அப்பால் இருந்த பெண்மணியிடம் இதைச் சொன்னேன். "விடை கிடைக்காத இடங்கள் எவை என்று தெரிந்தால், அடுத்தவர் அங்கே மறுபடி தேட வேண்டியதில்லையே" என்று மெல்லச் சொல்லிவிட்டு, என் நோட்டில் இருந்த பெயர் ஒன்றை நான் தப்பான இடத்தில் தேடுவதையும் பணிவோடு சுட்டிக் காட்டினார்.

ஹோங்கோ

டோக்கியோ சர்வகலாசாலை இருக்கும் ஹோங்கோ, ஒரு காலத்தில் காகா நாட்டுச் சிற்றரசர்களான மாயெதா வம்சத்தாரின் மாளிகை வளாகம். நாட்டை ஆண்ட சேனாதிபதியான ஷோகுனின் மகளை மணப்பெண்ணாக வரவேற்பதற்கென்று 1827-இல் அவர்கள் எழுப்பிய சிவப்பு வாசல் இன்னும் நிற்கிறது. அந்த வம்சத்தாரில் ஒருவரைப் பின்னால் கியோட்டோவில் சந்திப்போம். உள்ளே கிங்கோ மரங்களின் வரிசை. இலைகள் ஓரத்தில் மட்டும் மஞ்சள் கண்டிருந்தன. உதிர்ந்த பழங்கள் காலடியில் நசுங்கி எழுப்பும் துர்நாற்றத்தை ஜப்பானியக் கவிகள் எப்படிச் சகித்தார்களோ, எனக்குத் தெரியாது. அதன் பருப்பை வறுத்துத் தின்றால் மிக ருசியாக இருக்கிறது என்பதையும் நியாயத்தை முன்னிட்டுச் சொல்ல வேண்டும்.

1923-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி, வீடுகளில் பகல் உணவுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த வேளையில் வந்த பூகம்பத்தையும் அதைத் தொடர்ந்து எழுந்த பெருந்தீயையும் எல்லாரும் அறிவார்கள்; அந்தத் தீயில் இந்தச் சர்வகலாசாலையின் நூலகம் பல லட்சம் புத்தகங்களோடு எரிந்து போயிற்று என்பதைச் சிலர் அறிவார்கள்; எரிந்தவற்றில் ரிக் வேதத்தை ஸாயண பாஷ்யத்தோடு அச்சேற்றிய மாக்ஸ் முல்லரின் சொந்தப் புத்தகசாலையும் ஒன்று என்பதை நம்மவர்களில் அறிந்தவர் மிகவும் குறைவு. மாக்ஸ் முல்லர் காலமானபின் அதை மித்ஸுபிஷி வம்சத்து இவாஸாகி ஹிஸாயா விலைக்கு வாங்கி, 1901-இல் இச்சர்வகலாசாலைக்குத் தானமாகக் கொடுத்திருந்தார். ஆக்ஸ்போர்டில் ஒரு ஜெர்மானியர் சேர்த்த இந்திய நூல்கள், கடல் கடந்து டோக்கியோவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் இருந்து, பூகம்பத்துக்கு இரையாயின.

இப்போதிருக்கும் நூலகம், அமெரிக்கச் செல்வர் ராக்பெல்லரின் குமாரர் அளித்த நாற்பது லட்சம் யென்னைக் கொண்டு 1928-இல் கட்டி முடித்தது. முகப்பைப் புத்தகங்கள் வரிசையாக நிற்பதுபோல் அமைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் உள்ள திறந்த வெளியின் அடியிலே, ஆள் புகாமல் யந்திரமே பெட்டி பெட்டியாக எடுத்துத் தரும் நிலவறை ஒன்றை முப்பது லட்சம் நூல்களுக்காகத் தோண்டியிருக்கிறார்கள். மேலே மாணவர்கள் பெஞ்சுகளில் அமர்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள்.

மாக்ஸ் முல்லரின் நூல்கள் போயின. அவருடைய மாணாக்கர் போகவில்லை. அவரிடம் சமஸ்கிருதம் பயின்று திரும்பிய தகாகுஸு ஜுஞ்சிரோ, பூகம்பத்துக்கு மறு வருஷமே தைஷோ திரிபிடகம் என்ற மகா பதிப்பின் முதல் தொகுதியை வெளியிட்டு, 1934-க்குள் நூறு தொகுதிகளையும் முடித்தார். அவற்றில் மூலங்கள் அடங்கிய எண்பத்தைந்து தொகுதிகளை, ஏறத்தாழப் பத்துக் கோடி எழுத்துகளை, 1994 முதல் இதே சர்வகலாசாலையைச் சார்ந்த அறிஞர்கள் கணினியில் ஏற்றத் தொடங்கி, 2008-இல் யாவரும் இலவசமாகத் தேடும்படி இணையத்தில் வைத்துவிட்டார்கள். ஸாட் என்று அதைச் சொல்கிறார்கள்.

இளைஞர் தம் கணினியைத் திறந்து, "உங்களுக்கு வேணுங்கிறதைச் சொல்லுங்க ஐயா" என்றார். காஞ்சிபுரம் என்றேன். ஐம்பத்தோராம் தொகுதியில், யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய பிரயாண நூல் வந்து நின்றது: திராவிட தேசம், அதன் தலைநகர் காஞ்சி, நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்கள், பதினாயிரம் பிக்ஷுக்கள். அந்நகரத்தில் மந்திரி குமாரனாகப் பிறந்த தர்மபாலருக்கு அரசன் தன் மகளை மணம் செய்து கொடுக்க நிச்சயித்தபோது, அவர் கல்யாண விருந்து நடக்கும் மாலையில் புத்தர் பிரதிமையின் முன் நின்று உருகி வேண்ட, ஒரு தேவன் வந்து அவரைத் தொலைவிலுள்ள மலை மடத்துக்குத் தூக்கிச் சென்றுவிட்டான் என்ற கதையும் அங்கேயே இருக்கிறது. காஞ்சிக்கு நான் எத்தனையோ தடவை பட்டு எடுக்கப் போயிருக்கிறேன். அந்த மாப்பிள்ளை ஓடிப்போன சமாசாரம் கிங்கோ மரத்தடியில் எட்டியது.

ஜிம்போச்சோ

பழைய புத்தகங்களுக்கென்றே ஒரு பேட்டை இருக்கிறது என்றால் மூர் மார்க்கெட்டை ஞாபகம் வைத்திருக்கும் சென்னைவாசிகளுக்குக் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கும். ஜிம்போச்சோவில் யாசுகுனி வீதியின் தென்புறத்தில் கடைகள் நெருங்கி, வடக்கு நோக்கி நிற்கின்றன. வெயில் விழுந்தால் முதுகுத் துணி வெளுத்துப் போகும் என்பதால் வாஸ்து இங்கே புத்தகத்துக்காகப் பார்க்கப்படுகிறது. நான் போனது பழம்புத்தகத் திருவிழாவின் காலமாதலால், நடைபாதை நெடுகத் தற்காலிக அலமாரிகள் வைத்து, காகித விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய பிரசுராலயமான இவானாமி 1913-இல் இங்கே ஒரு பழைய புத்தகக் கடையாகத்தான் பிறந்தது. அடுத்த வருஷம் நாட்சுமே சோஸெகியின் 'கொக்கோரோ' நாவலை வெளியிட்டது.

எண்பது வயதுக்குக் குறையாத ஒரு கடைக்காரரிடம் நான் தேடிய அட்டவணைத் தொகுதியைக் கேட்டேன். அவர் ஏணியையும் பார்க்கவில்லை, கணினியையும் பார்க்கவில்லை. தம்மிடம் இல்லை என்றும், எதிர்ச் சந்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் நண்பரிடம் ஒன்று இருந்தது, போன வாரம்வரை விற்கவில்லை என்றும் சொன்னார். நாட்டின் பழம்புத்தக வியாபாரிகள் சங்கம் எல்லார் இருப்பையும் சேர்த்து ஒரே இணையதளத்தில் காட்டுகிறது. ஆனாலும் போன வாரம் வரையில் என்பது அந்தத் தளத்தில் கிடைக்காது. புத்தகத்தை நண்பர் மழைக் காகிதம் சுற்றிக் கொடுத்தார். வானத்தில் மேகமே இல்லை.

இந்தப் பேட்டையில் படிப்பாளிகளின் உணவு கறி. வெள்ளைக்காரர் மூலமாக ஜப்பானுக்குப் போன நம் குழம்பு, அங்கே கோதுமை மாவு சேர்ந்து கெட்டிப்பட்டு, தித்திப்பும் கலந்து, சாதத்தின் ஒரு பக்கமாக ஊற்றி வருகிறது. அதற்கு முன்னால் வெண்ணெயோடு முழு உருளைக்கிழங்கும் அவித்து வைக்கிறார்கள். கரண்டியை ஒரு கையிலும் புத்தகத்தை மறு கையிலும் பிடிக்கலாம் என்பதே இதன் பிரக்யாதிக்குக் காரணம் என்று இளைஞர் சொன்னார். மிளகு போதவில்லை என்று நான் சொன்னதைச் சமையற்காரர் புரிந்துகொண்டு ஏதோ ஒரு பொடியைக் கொண்டுவந்து வைத்தார்; அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

அங்கிருந்து அகழிக் கரையோடு நடந்தால் தேசிய ஆவணக் களஞ்சியம். அதன் ஆதரவில் 2001-இல் தொடங்கிய ஆசிய சரித்திர ஆவண மையம், அந்தக் களஞ்சியத்திலும், வெளிநாட்டு இலாகாவிலும், ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்திலும் உள்ள தஸ்தாவேஜுகளைப் படமெடுத்து, எந்த நாட்டவரும் பணமோ பதிவோ இல்லாமல் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோய் 1942-43-இல் சயாம்-பர்மா ரயில் பாதை போட்டார்களே, அதைத் தேடினேன். நானூற்றுப் பதினைந்து கிலோமீட்டர்ப் பாதை. பாலங்கள், மரக்கட்டைகள், ரயில்வே படைப்பிரிவுகள், உத்தரவு எண்கள் எல்லாம் அழகான கையெழுத்தில் வந்தன. அங்கே மாண்ட பல்லாயிரம் தமிழர்களில் ஒருவருடைய பெயரும் என் கண்ணில் பட்ட தாள்களில் இல்லை. ஜப்பான் யுத்தத்தில் சரணாகதி அடைந்த ஆகஸ்டு மாதத்தில் ராணுவக் காரியாலயங்கள் தங்கள் காகிதங்களைக் குவியல் குவியலாகக் கொளுத்தின. மிஞ்சியதைத்தான் நாம் இவ்வளவு சௌகரியமாகப் பார்க்கிறோம். பூகம்பம் கொளுத்திய நூலகத்துக்கு உலகமே அனுதாபப்பட்டது. உத்தரவின் பேரில் கொளுத்தியதற்கு எந்த ராக்பெல்லர் வந்து ஈடு கொடுக்க முடியும்? இளைஞரின் பாட்டனாருடைய தமையன் ஒருவர் பினாங்குக்குக் கப்பலேறியவராம். திரும்பி நடக்கும்போது அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஷிபுயா

ஷிபுயா என்றவுடன் எல்லாரும் சொல்லும் அந்த ஜனசமுத்திரச் சந்தியிலிருந்து சிறிது தூரத்தில், அமைதியான ஒரு வீதியில், 1927-இல் கட்டிய சிறு காங்கிரீட்டுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதனுள்ளே பதினேழாயிரத்து இருநூற்று நாற்பத்து நான்கு மர அச்சுப் பலகைகள் இருக்கின்றன. எல்லாம் செர்ரி மரம். இரு புறமும் எழுத்து. ஹானவா ஹோக்கியிச்சி என்ற குருடர் நாற்பது வருஷ காலம் பாடுபட்டுச் செதுக்குவித்தவை.

1746-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஏழு வயதில் கண்ணை இழந்து, அக்காலத்துக் குருடர்களுக்கு விதிக்கப்பட்ட தொழில்களான உடம்பு பிடித்துவிடுதலும் வாத்தியம் வாசித்தலும் கைவராமல், யாராவது படிக்கக் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வதொன்றையே வித்தையாகப் பழகி, நாட்டில் எங்கெங்கோ சிதறிக் கிடந்த சிறு நூல்கள் அழிந்துபோகும் என்று அஞ்சி, ஏறத்தாழ 1270 நூல்களைத் தேடி ஒப்புநோக்கி, இருபத்தைந்து பிரிவாக வகுத்து, 'குன்ஷோ ருயிஜூ' என்ற பெயரில் 1819-க்குள் அச்சேற்றி முடித்தவர் அவர். 1793-இல் அவர் ஷோகுனேட்டின் உதவியோடு நிறுவிய வித்தியாசாலையின் வழித்தோன்றலே இன்று ஹோங்கோவில் இருக்கும் சரித்திர மூலங்களைத் தொகுக்கும் ஸ்தாபனம்; இடைக்கால ஜப்பானைப் பற்றி இன்று எவர் கணினியில் தேடினாலும் அந்த ஸ்தாபனத்தின் வாசலில் போய் நிற்காமல் தீராது. ஒரு நாள் இரவு அவர் பாடம் சொல்லும்போது காற்றில் விளக்கு அணைந்துவிட, மாணவர்கள் தவித்துப் போய்ச் சற்று நிறுத்தும்படி வேண்டினார்களாம். கண் என்பது எவ்வளவு அசௌகரியமான வஸ்து என்று அவர் சிரித்தாராம். நம் ஊரிலும் இப்படிப்பட்ட கதைகள் உண்டு. ஆனால் நம் கதைகளில் வித்வான்கள் பெரும்பாலும் விளக்கை மறுபடி எரியச் செய்துவிடுவார்கள்.

பலகைகளைக் காட்டிய பெரியவர் ஒன்றை இரு கைகளாலும் எடுத்து என் மடியில் வைத்தார். கனம், மை ஊறிய வாசனை, பக்கத்துக்கு இருபது வரி, வரிக்கு இருபது எழுத்து. ஜப்பானிய எழுத்தாளர்கள் இன்றும் நானூறு கட்டம் போட்ட தாளில் எழுதுகிறார்களே, அதற்கு மூலம் இதுவே என்பார்கள். கேட்டவர்களுக்கு இந்தப் பலகைகளிலிருந்தே இன்னும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். 1945-இல் குண்டு மழை பெய்த நகரத்தில் இவை தப்பியது கட்டடத்தின் புண்ணியம். 1937-இல் ஹெலன் கெல்லர் இங்கே வந்து, ஹானவாவின் சிலையையும் அவர் மேஜையையும் தடவிப் பார்த்தார். சிறு பெண்ணாக இருந்தபோது அவருடைய தாயார் இந்தக் குருட்டு வித்வானை உதாரணமாகச் சொல்லி ஊக்கினாராம். பெரியவர் இதைச் சொன்னபோது, ஏதோ போன மாதம் நடந்த விஷயம் போலச் சொன்னார்.

தாச்சிகாவா

பெரும்பாலான பழைய ஜப்பானிய நூல்களை ஜப்பானியராலேயே படிக்க முடியாது. 1900-ஆம் வருஷத்துப் பள்ளிக்கூட விதி ஒலிக்கு ஓர் எழுத்து என்று ஒழுங்கு செய்ததற்கு முன்பு, பந்தலில் படர்ந்த அவரைக்கொடிபோல ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் குஸுஷிஜி என்ற சுழியெழுத்தே வழங்கிற்று. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று பத்தாயிரத்தில் ஒருவர்கூட இல்லை. ரயிலில் மேற்கே போனால் தாச்சிகாவாவில் தேசிய ஜப்பானிய இலக்கிய ஆராய்ச்சி ஸ்தாபனம் இருக்கிறது. 1972-இல் ஏற்பட்டது முதல், கோயில் கோயிலாக, வீடு வீடாகப் போய்ப் பழைய நூல்களைப் படச்சுருளில் பிடித்துவந்த அதிகாரிகள், 2014 முதல் பத்து வருஷத்துக்குள் மூன்று லட்சம் நூல்களைப் படமாக இணையத்தில் ஏற்றத் துணிந்தார்கள். ஏற்றியதைப் படிப்பது யார்? தாய்லாந்திலிருந்து வந்து, 'கெஞ்சி கதை' என்ற பழைய ஜப்பானிய நெடுங்கதைக்கு எழுந்த உரைகளை ஆராய்ந்த தரின் கிளானுவத் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும், யந்திரத்துக்கே அந்த எழுத்தைக் கற்பித்தார்கள். 2021-இல் வெளிவந்த மிவோ என்ற செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு பழைய ஏட்டின்மேல் காட்டினால், சுழிகளின் மேலே அச்செழுத்துகள் வந்து உட்காருகின்றன. நான் அதை ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவரில் தொங்கிய சித்திர எழுத்தின்மேல் காட்டினேன். அது பாதி சரியாகவும் பாதி கடைக்காரருக்குச் சிரிப்பு வரும்படியாகவும் வாசித்தது.

யந்திரம் ஒருபுறம் இருக்க, மனிதர்களும் விடவில்லை. பழைய பூகம்பக் குறிப்புகளைப் பெயர்த்தெழுதுவதற்காகக் கியோட்டோ சர்வகலாசாலையினர் 2017-இல் ஒரு தளத்தைத் திறந்தபோது, ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும் மாணவர்களும் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்து, சுழியெழுத்தைக் கற்றுக்கொண்டே வரி வரியாக எழுதித் தள்ளிவிட்டார்கள். ஒருவர் எழுதியதை முன்பின் அறியாத மற்றொருவர் திருத்துகிறார். எந்த ஊரில் எப்போது பூமி நடுங்கிற்று என்பதைப் பூகம்ப சாஸ்திரிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் அங்கே கேட்டுப் பார்த்தது 1782-இல் ஒஸாகாவில் வெளியான 'தோபு ஹியாக்குச்சின்' என்ற பாகசாஸ்திரம். சோயாப் பாலில் உறைந்த தோபு ஒன்றை வைத்துக்கொண்டு நூறு வகைப் பதார்த்தம் சொல்கிறது. மீன் சாறு புகாத உணவைத் தேடித் தேடிக் களைத்திருந்த எனக்கு, எந்த ஆராய்ச்சி நூலும் கொடுத்திராத சந்தோஷத்தை அது கொடுத்தது.

கியோட்டோ: கித்தயாமா

கியோட்டோவின் வடபுறத்தில், தாவரத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரெக்கிசாய்கான் என்ற ஆவண நிலையத்தில் தோஜி கோயிலின் பழஞ்சாசனங்கள் இருக்கின்றன, ஏறத்தாழ இருபத்தையாயிரம். 1685-இல், நான் முன்பு சொன்ன மாயெதா வம்சத்து த்ஸுனநோரி, கோயிலாரிடம் இவற்றை இரவல் வாங்கிப் பிரதி செய்துகொண்டு, நன்றிக்கு அறிகுறியாக நூறு மரப்பெட்டிகளைச் செய்து, சாசனங்களை ஒழுங்குபடுத்தி அவற்றில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். புத்தகம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்தவர்களே அபூர்வம். பெட்டியும் செய்து கொடுத்தவரை நான் கேள்விப்பட்டதில்லை. அக்ஷர வரிசைப்படி பெயரிட்ட அந்தப் பெட்டிகளின் ஒழுங்கிலேயேதான், 2014-இல் இணையத்தில் ஏற்றிய எண்பதினாயிரம் படங்களும் இன்றும் நிற்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம் என்று மாகாண அரசாங்கம் அறிவித்திருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் விண்ணப்பம் எழுதிக் கட்டணம் கட்டிப் பழகியவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

அந்தச் சாசனங்களில், வரிக்கணக்குகளுக்கும் வழக்குகளுக்கும் நடுவே, 1463-ஆம் வருஷத்துப் பெண்ணின் லிகிதம் ஒன்று இருக்கிறது. தோஜிக்குச் சொந்தமான நீமி என்ற தூரதேசத்துக் கிராமத்துக்கு மேற்பார்வையாளராகப் போன யூஸெய் என்பவரை அவ்வூர்ப் பகைவர் கொன்றுவிட்டார்கள். அவருக்கு அங்கே பணிவிடை செய்துவந்த தமகாகி என்பவள், ஈமக் கடனுக்கு அவருடைய பொருள்களில் விற்றவை இன்னவை என்று கணக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய உடைகளில் இரண்டொன்றை அவர் ஞாபகார்த்தமாகத் தனக்குத் தர வேண்டும் என்று கோயில் அதிகாரிகளைக் கேட்டு எழுதியிருக்கிறாள். கணக்குப் பத்திரம் என்பதால்தானோ என்னவோ, கோயிலார் அதை எறியாமல் வைத்திருந்தார்கள். தஞ்சாவூர் இளைஞர் அதைத் தம் தாயாருக்கு ஊரில் படமாக அனுப்பி, அன்றிரவே தொலைபேசியில் விஷயத்தை விளக்கினார். "அந்தத் துணியைக் கொடுத்தாங்களாடா?" என்று அந்த அம்மாள் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

நான்ஸென்ஜிக் கோயிலின் பக்கத்துக் கடையொன்றில் யூதோபு சாப்பிட்டோம்: மண் சட்டியில் கடற்பாசி போட்ட வெந்நீர், அதில் மிதக்கும் வெண்மையான தோபு, தொட்டுக்கொள்ளச் சோயாச் சாறும் இஞ்சியும். நூறு வகை சொன்ன நூலாசிரியர் இருந்தும் கியோட்டோக்காரர்கள் இந்த ஒன்றோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

நகரின் மேற்கே, மூங்கில் தோப்புகள் சூழ்ந்த குன்றின்மேல் 1987-இல் அமைந்த சர்வதேச ஜப்பானிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பேய், பிசாசு, நரி, நீர்க்குட்டி முதலியவற்றைப் பற்றிய நாட்டார் கதைகளை மாவட்ட வாரியாகத் தேடும் அட்டவணை அங்கே இருப்பதால், இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

நாரா

எட்டாம் நூற்றாண்டில் தோதாய்ஜியின் மகாபுத்தர் பிரதிமைக்குக் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற தென்னிந்திய அந்தணர். 752-இல் அவர் பிடித்த தூரிகையை, அக்கோயிலின் பின்புறத்து ஷோஸோயின் என்ற பண்டகசாலை இன்றளவும் காத்து வருகிறது. வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசியில், அப்பண்டகசாலையின் பொருள்களில் சிலவற்றை நாராவின் தேசியக் காட்சிசாலையில் வைக்கிறார்கள். மான்கள் தெருவை மறித்துக்கொண்டு நிற்க, ஜனங்கள் வரிசையில் காத்து நிற்கிறார்கள். எல்லாரும் வாத்தியங்களையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் நோக்கி ஓடும்போது, நான் தாள்களைப் பார்க்கப் போனேன்.

ஷோஸோயினில் உள்ள காகிதங்களின் கதை விசித்திரமானது. 702-ஆம் வருஷத்துக் குடிமதிப்புப் பதிவுகள் முதலான சர்க்கார்த் தாள்கள், காலம் கழிந்ததும் கழிவாகி, புத்த சூத்திரங்களைப் பிரதி செய்யும் காரியாலயத்துக்கு வந்து, அங்கே பின்புறத்தில் கணக்கு எழுதப் பயன்பட்டன. அந்தக் கணக்குகளை அலுவலகத்தார் எறியாமல் விட்டதால், முன்புறத்துக் குடிமதிப்பும் பிழைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹொயிதா தாததோமோ என்ற பண்டிதர், அரிய முன்புறங்களை ஒழுங்காகத் தொகுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு தாள்களைப் பிரித்து எடுத்து அடுக்கினார். அவர் அடுக்கிய மாத்திரத்தில் பின்புறத்துக் கணக்குகள் தாறுமாறாகிவிட்டன. எந்தத் தாள் எதனோடு ஒட்டியிருந்தது என்பதைப் பசை அடையாளத்தையும் பூச்சி அரித்த துளைகளையும் கொண்டு கண்டுபிடித்து, பழைய சுருள்களைக் காகிதத்திலும் திரையிலும் மறுபடி இணைக்கும் வேலையை ஹோங்கோ அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். ஹானவாவைத் தொழுதவன், த்ஸுனநோரியை மெச்சியவன், இதைக் கேட்டுச் சற்றே அடங்கிப் போனேன். மாயெதாவின் பெட்டிகளுக்குள் போகுமுன் தோஜியின் தாள்கள் எந்த முறையில் கிடந்தன என்று கேட்க அங்கே எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஒட்டு வேலையின் பலனாகப் பேசத் தொடங்கியவர்கள் சூத்திரம் எழுதிய எழுத்தர்கள். தப்புக்குத் தக்கபடி கூலி பிடிக்கப்பட்டது. 739-ஐ ஒட்டிய நகல் விண்ணப்பம் ஒன்றில், உடுத்திய துணி நாறுகிறது, புதிது தர வேண்டும், மாதம் ஐந்து நாள் ஓய்வு வேண்டும், சாப்பாடு மோசம், நாள் முழுவதும் மேஜை முன் உட்கார்வதால் நெஞ்சு வலிக்கிறது, கால் மரக்கிறது, ஆகையால் மூன்று நாளுக்கு ஒரு தடவையாவது அரிசி மது வேண்டும் என்றெல்லாம் அவர்கள் பொருட்டு எழுதியிருக்கிறது. தனித் தனியே கேட்ட விடுமுறைச் சீட்டுகளும் அநேகம்: வயிறு சரியில்லை, தாய்க்கு நோய், வீட்டில் திருடன் புகுந்துவிட்டான், அழுக்குத் துணி துவைக்க வேண்டும்.

காட்சிக்கு இருந்த சீட்டுகளில் ஒன்று துணி துவைக்கக் கேட்டது. எனக்கு முன்னால் நின்ற ஒரு கிழவி, கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருந்த விளக்கத்தைத் தன் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே ஆண்பிள்ளைகள் தங்கள் துணியைத் தாங்களே துவைத்திருக்கிறார்கள், கவனித்துக்கொள்ளுங்கள் என்றாள். கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று ஜப்பானியத்தில் சொல்லி அவரை மேலும் சங்கடத்தில் ஆழ்த்த எனக்கு மனம் வரவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்தோம்.